கொல்லிமலையில் கடன் வாங்கிய குப்பை

காரவள்ளியில், மலை ஏறத் தொடங்குகிற இடத்தில், சோதனைச் சாவடிக்காரர் என் சாம்பாரை நிறுத்திவிட்டார். என்னை நிறுத்தவில்லை. இலையில் கட்டியிருந்த சோற்றையும் நிறுத்தவில்லை. சாம்பார் மட்டும் பிளாஸ்டிக் கவரில் இருந்தது.

“சாம்பார் மேல போலாமுங்க. கவரு போகக் கூடாது” என்றார்.

“சாம்பார் மட்டும் தனியா எப்படிங்க போகும்?”

“அது உங்க சாமர்த்தியம்.”

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவரின் மூலையைக் கடித்து, நின்றபடியே முழுச் சாம்பாரையும் குடித்தேன். காலிக் கவரை அவரிடம் நீட்டினேன். மரியாதையாக வாங்கி, சாவடிக்குப் பின்னால் இருந்த குவியலில் போட்டார். “மெதுவாக் குடிங்க, புரை ஏறிக்கும்” என்று ஜன்னலிலிருந்து ஒரு அம்மா சொன்னது குடித்து முடித்த பிறகுதான் காதில் விழுந்தது.

அந்தக் கவரை நான் பார்த்த பார்வையில் கொஞ்சம் தொழிலும் இருந்தது. எனக்கு ஊர் தூத்துக்குடி பக்கம். பள்ளிக்கூடம் ஒன்பதாவதோடு முடிந்தது. உப்பளம், லாரி கிளீனர், பம்பாயில் பாத்திரம் கழுவுவது என்று சுற்றிவிட்டு, அந்த வருஷம் சேலத்தில் ஒரு பழைய பிளாஸ்டிக் முதலாளியிடம் ஒட்டிக்கொண்டிருந்தேன். கவர், உடைந்த குடம், அறுந்த செருப்பு எல்லாவற்றையும் உருக்கிக் குருணையாக்கி, அதிலிருந்து மறுபடி வாளியும் கொடிக்கயிறும் செய்கிற பட்டறை. எங்கே சரக்கு கிடைக்கும் என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து வருவது என் வேலை. ஓரிடத்தில் இருக்கச் சொன்னால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதனால் இந்த வேலை பிடித்திருந்தது.

அப்போது அரசாங்கம் மலைக்கு ஒரு திட்டம் போட்டிருந்தது. பிளாஸ்டிக் மேலே போகக் கூடாது. ஏற்கெனவே மேலே இருப்பது தரம் பிரிந்து கீழே வர வேண்டும். கீழே வந்தது மறுபடி பொருளாக வேண்டும். படித்தவர்கள் அதற்கு என்னென்னவோ பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் பட்டறைக்காரர்கள் காலகாலமாகச் செய்கிற வேலைதான். அரசாங்கமே குப்பையைப் பிரித்துக் கொடுக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும், “ஓடு, போய்ப் பாரு” என்றார் முதலாளி. ஓடினேன்.

மலைப்பாதையில் எழுபது வளைவு. கடல் பக்கத்தில் பிறந்தவனுக்கு எல்லாப் பாதையும் நேர்ப்பாதைதான். இங்கே பஸ் ஒரு வளைவில் பாதி திரும்பி, பின்னால் வந்து, மூச்சு வாங்கி, மறுபாதியைத் திரும்பியது. பக்கத்தில் இருந்தவர் ஒரு எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்தார். “மோந்துக்கிட்டே வாங்க. குடிச்ச சாம்பாரு வெளிய வந்துடப் போவுது.”

சாம்பார் வெளியே வரவில்லை. லாரிதான் வந்தது. மேலிருந்து பலாப்பழம் ஏற்றி வந்த லாரி ஒரு வளைவில் சூடாகி நின்றுவிட, பஸ்ஸும் நின்றது. யாருக்கும் கோபம் இல்லை. லாரிக்காரர் தானாகவே ஒரு பழத்தை உருட்டி இறக்கினார். யாரோ இடுப்பிலிருந்து கொடுவாள் எடுத்தார். சாலையோரம் உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பஸ் முழுக்கச் சுளை தின்றது. கொட்டைகளை ஒருவரும் வீசவில்லை. பெண்கள் மடியில் கட்டிக்கொண்டார்கள், சக்கையை ஒருவர் சாக்கில் அடைத்தார். “மாட்டுக்குங்க” என்றார். என் தொழிலுக்கு இது நல்ல சகுனமில்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

செம்மேட்டில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. கடைத்தெருவில் மணி என்பவரின் டீக்கடை. டீயில் மிளகைத் தட்டிப் போட்டுத் தந்தார், தொண்டை திறந்துகொண்டது. குப்பை வாங்க வந்திருக்கிறேன் என்றதும் கடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பொறவுக்க போய்ப் பாருங்க” என்றார் மணி.

கடைக்குப் பின்னால் சரிவு. கடைத்தெருவின் பால் கவர், பிளாஸ்டிக் டம்ளர், பரோட்டா மடித்த காகிதம் எல்லாம் டீத்தூளோடும் எச்சிலோடும் கலந்து வழிந்து கிடந்தது. மேலே வரக் கூடாத கவரெல்லாம் எந்த வழியாக வந்தது என்று கேட்டேன். “சாவடிக்காரரு ராத்திரி தூங்குவாருங்க” என்றார் மணி. சரக்கு நிறைய இருந்தது. ஆனால் ஈரமும் மண்ணும் கலந்த சரக்கைப் போட்டால் எங்கள் மெஷின் விக்கிக்கொள்ளும்.

“பிரிச்சு வெச்சது எங்க கெடைக்கும்?”

“நெல்லிவளவுக்குப் போங்க. இந்த மலையிலயே திண்ணனூர் நாட்டுல கெடக்கு. மூணு கலர்ல டிரம்மு வாங்கி வெச்சிருக்காங்க. அங்க போனா மலையாட்டம் குவிஞ்சு கெடக்கும்.”

மறுநாள் காலை ஜீப்பில் தொங்கிக்கொண்டு பாதி தூரம் போனேன். ஜீப் அதோடு திரும்பிவிட்டது. பாதை அதற்கப்பாலும் அகலமாகத்தான் இருந்தது. சந்தை நாள் இல்லாததால் ஆள் சேரவில்லை, அவ்வளவுதான். நடந்தேன். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. மழை தூறிக்கொண்டே இருந்தது. ஒரு இறக்கத்தில் என் ரப்பர் செருப்பின் வார் அறுந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஊருக்குள் நுழைந்தேன்.

நெல்லிவளவு மிகச் சிறிய ஊர். நடுவில் ஒரு பலா மரம். அதன் கீழே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று டிரம், மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தது. பாலைவனத்தில் தண்ணீர் கண்டவன் மாதிரி ஓடிப்போய்ச் சாக்கைத் தூக்கினேன். பச்சை டிரம்மில் சாமை. சிவப்பில் மிளகு. நீலத்தில் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது. அது என்னைப் பார்த்த பார்வை சாவடிக்காரர் பார்வையைவிடக் கடுமையாக இருந்தது.

“ஏனுங்க, யாருங்க அது? கோழியக் கலைச்சுப்புடாதீங்க!”

குரல் கொடுத்தவர் செல்லாயி. அந்த ஊரின் வார்டு மெம்பர். நாற்பது வயது இருக்கும், உயரமான பெண், பேசும்போது இடுப்பில் கை வைத்துக்கொள்வார். நான் குப்பை வாங்க வந்தவன் என்று சொன்னதும் கையை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டார்.

“வாங்குறவரா? குடுக்குறவரு இல்லீங்களா?”

“வாங்குறவன்தாங்க.”

“போச்சு” என்றார். பிறகு, “சரி, சாப்புட்டுப் பேசுவோம், வாங்க” என்றார்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும், பலாக்கொட்டை வறுவலும். சாமைச் சோறு முதல் வாயில் மணல் மாதிரி இருக்கும், மூன்றாவது வாயில் இறங்கிவிடும், அதற்குப் பிறகு அரிசிச் சோறு ஏன் தின்கிறோம் என்று தோன்றும். மீன் இல்லாத சாப்பாட்டை நான் சாப்பாடாக மதித்ததில்லை. அன்று மதித்தேன்.

பரிமாறியது செல்லாயியின் மகள் பழனியம்மா. ஐந்து மாதக் கர்ப்பிணி. சாப்பிடும்போதே செல்லாயி விஷயத்தைச் சொன்னார். திட்டத்தில் ஒரு வண்டி உண்டு. குப்பை அள்ளும் மூன்று சக்கர டெம்போ. எந்த ஊர் குப்பையை ஒழுங்காகப் பிரித்து வைத்துக் காட்டுகிறதோ, அந்த ஊரில் வண்டி நிற்கும். பகலில் குப்பை அள்ளும், மற்ற நேரம் அங்கேயே இருக்கும். நாளை மறுநாள் அதிகாரி பார்க்க வருகிறார்.

“வண்டி எங்களுக்குக் குப்பைக்கு இல்லீங்க” என்றார் செல்லாயி. “போன தடவ இவளுக்கு வலி வந்தப்ப ஜீப்பு கெடைக்கல. போர்வையில தூளி கட்டித் தூக்கிட்டுப் போனோம். பாதி வழியிலயே பொறந்துடுச்சு. தங்கல. இந்தத் தடவ கீழ பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டாரணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.”

பழனியம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். “வண்டி வந்தா அவரும் வந்துடுவாருங்க” என்றாள். அவள் கணவன் திருச்செங்கோட்டுப் போர் லாரியில் டிரைவர். எங்கோ வடக்கே ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தான்.

எல்லாம் சரி, குப்பை எங்கே என்று கேட்டேன்.

“அதாங்க இல்ல” என்றார் செல்லாயி. “மிஞ்சுன சோத்தை மாடு திங்குது. சாணி மெளகுக்கொடிக்குப் போவுது. சாம்பல் பாத்திரத்துக்கு. பழஞ்சீலை தூளிக்கு. ஒடஞ்ச ஓடு சொவத்துக்கு. டிரம்மு குடுத்தாங்க, வெச்சிருந்தோம். என்னத்தப் போடறது? மழ வந்துச்சு, சாமையைப் போட்டுட்டோம்.”

அன்று சாயங்காலம் பலா மரத்தடியில் கூட்டம் போட்டார்கள். ஊரே ஒரே யோசனையில் உட்கார்ந்து குப்பைக்காகக் கவலைப்பட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு பெண் தன் நல்ல முறத்தையே உடைத்துப் போடலாமா என்று கேட்டாள். இன்னொருவர் பனியன் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார், அவர் மனைவி பிடுங்கிக்கொண்டாள். ஊர்க்கவுண்டர் சீரங்கன் ஒல்லியான மனிதர், எதைச் சொன்னாலும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வது போலவே இருக்கும். அவர்தான் வழி சொன்னார்.

“வெதைக்கு இல்லாட்டி என்ன பண்றோம்? பக்கத்து ஊர்ல கைமாத்து வாங்கறோமில்ல. குப்பையும் அப்படித்தான். இருக்கறவங்ககிட்ட வாங்கு, காரியம் முடிஞ்சதும் திருப்பிக் குடு.”

அந்த மலையில் தானியம் கைமாற்று வாங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. வள்ளம் என்கிற மரப்படியில் தலைதட்டி, அதாவது விளிம்புக்குச் சமமாக அளந்து வாங்குவார்கள். திருப்பும்போது தலைகுவித்துத் தருவார்கள். மேலே கோபுரமாக நிற்கிற அந்தக் கொஞ்சத்துக்குக் குவிப்பு என்று பெயர். குவிப்பில்லாமல் திருப்பிய வீட்டுக்கு அடுத்த முறை யாரும் கொடுக்க மாட்டார்கள். காரியம் முடிந்த மறுநாள் கடன் வீட்டில் தங்கக் கூடாது. இதையெல்லாம் சீரங்கன் எனக்கு விளக்கியபோது, தானியத்துக்கான பேச்சு என்றே நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள், நான் மலை ஏறிய மூன்றாம் நாள், காலையில் பத்துப் பதினைந்து பேர் சாக்குகளோடு செம்மேட்டுக்கு நடந்தோம். செல்லாயி கையில் வள்ளம்.

மணி முதலில் நம்பவில்லை. “குப்பை கடனா? என்ன மெம்பரே, வெயில் கூட அடிக்கலியே!”

“சிரிக்காதீங்க. இருக்குதா, இல்லியா?”

“சரிவே உன்னோடதுதான். அள்ளிக்கிட்டுப் போ. திருப்பியே தர வேண்டாம்.”

செல்லாயியின் கை இடுப்புக்குப் போனது. “தானம் வாங்க வரலீங்க. தாரேன்னா தாரேன்தான்.”

கடைத்தெரு மொத்தமும் வேடிக்கை பார்க்க, பெண்கள் சரிவில் இறங்கி வள்ளத்தால் குப்பையை அளந்தார்கள். பால் கவரை அமுக்கி, மேலே கையால் தலைதட்டி, சாக்கில் கொட்டினார்கள். நானும் அளந்தேன். ஊர் ஊராகக் குப்பை அள்ளியிருக்கிறேன், படியால் அளந்து அள்ளியது அன்றுதான்.

ஊருக்குக் கொண்டுவந்ததும் அப்படியே டிரம்மில் கொட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். செல்லாயி விடவில்லை. “அடுத்தவிய எச்சிலை மெளகு பக்கத்துல வெக்கறதா?” என்று ஓடைக்கு எடுத்துப்போகச் சொன்னார். கரையில் குழி தோண்டி, கவர் கவராகப் பிரித்து உதறி, டீத்தூளையும் எச்சிலையும் குழியில் விட்டு, தண்ணீர் மொண்டு ஊற்றிக் கழுவினார்கள். மதியத்துக்கு மேல் வெயில் வந்ததும் கூரை மேல் வத்தல் காயப்போடுவது போலப் பரப்பிக் கல் வைத்தார்கள். காய்ந்ததை முறத்தில் போட்டுப் புடைத்தார்கள். புடைத்தால் மெல்லிய கவர் பறந்து முன்னால் விழும், கனமானது முறத்தில் தங்கும், மண் கீழே போகும். எங்கள் பட்டறையில் கையால் பொறுக்கிப் பொறுக்கி மாலை வரை செய்கிற வேலை. முதலாளியைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் போல் இருந்தது. சாமையும் மிளகும் வீட்டுக்குள் போயின. கோழி மட்டும் எழ மறுத்ததால் நீல டிரம்முக்குப் பதில் ஒரு பெரிய கூடையை வைத்தோம்.

நான்காம் நாள் அதிகாரி வந்தார். இளைஞர், கண்ணாடி போட்டவர், காலில் அட்டை ஏறியிருந்தும் கவனிக்கவில்லை. டிரம்மில் கையை விட்டு ஒரு பால் கவரை எடுத்தார். தட்டினார். அது காய்ந்த அப்பளம் மாதிரிச் சத்தம் போட்டது.

“கழுவியிருக்கீங்களா?”

“ஆமாங்க.”

“மாவட்டத்துல எங்கயும் இப்படிப் பார்த்ததில்ல” என்றார். நல்ல மனிதர், முகம் மலர்ந்துவிட்டது. பிறகு கவரைத் திருப்பிப் பார்த்தார். ஊரைச் சுற்றிப் பார்த்தார். கட்டியிருந்த மாடுகளைப் பார்த்தார். “ஊர்ல இத்தனை மாடு இருக்கு. கவர்ப் பால் யாரு வாங்கறாங்க?”

ஒரு மாடு சரியாக அந்த நேரம் பார்த்துக் கத்தியது.

“விருந்தாளி வாராங்கல்லங்க” என்றார் சீரங்கன், என்னைக் காட்டி. “இவருக்கு எங்க மாட்டுப்பாலு ஒத்துக்காது.”

அதிகாரி என்னைப் பார்த்தார். ஒரு டிரம் நிறைய இருந்த பால் கவரைப் பார்த்தார். நான் வயிற்றைத் தடவிக்கொண்டேன். அவர் எழுதிக்கொண்டார். மற்ற ஊர்களையும் பார்த்துவிட்டு நாளைக்கு முடிவு சொல்வதாகவும், அதுவரை செம்மேட்டுப் பங்களாவில் தங்கியிருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். போனதும் பழனியம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு ஊரே சிரித்தது. அன்று எனக்கு முடவாட்டுக்கால் கிழங்கில் சூப் வைத்துக் கொடுத்தார்கள். ஆட்டுக்கால் சூப் போலவே இருந்தது. ஆடுதான் இல்லை.

ஐந்தாம் நாள் காலை நான் விழித்தபோது டிரம்கள் காலியாக இருந்தன. சாக்குகள் கட்டி வரிசையாக நின்றன.

“எங்கங்க இதெல்லாம்?”

“மணி கடைக்குத்தான். கைமாத்து வாங்குனதில்ல” என்றார் செல்லாயி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அதிகாரி செம்மேட்டுலதான் இருக்காருங்க! அவரு கண்ணுல பட்டா வண்டி போச்சு. ரெண்டு நாள் பொறுங்க. இல்லாட்டி என்கிட்டக் குடுங்க, நானே கீழ கொண்டு போறேன்.”

“மணியோட பொருளை உங்ககிட்ட எப்படிக் குடுக்கறது?” என்றார். “காரியம் முடிஞ்சுதுங்களே. அடுத்தவிய பொருளை ஊட்டுல வெச்சுக்கிட்டு எப்படிங்க கஞ்சி குடிக்கறது?”

சீரங்கனைப் பார்த்தேன். அவரும் அதையே சொல்லும் முகத்தோடு நின்றார். சிக்கல் அவர்களுக்கு வேறு இடத்தில் இருந்தது. குவிப்புக்குக் குப்பை இல்லை. வாங்கிய அளவு இருக்கிறது, மேலே குவிக்க ஊரில் ஒன்றும் இல்லை.

அப்போது செல்லாயி உள்ளே போய் ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துவந்தார். அதில் பிஸ்கட் உறை ஒன்று, ஷாம்பு பாக்கெட் இரண்டு, பாக்குப் பொட்டலம், என் அறுந்த செருப்பு வார். வந்த நாள் முதல் நான் போகிற போக்கில் வீசியதையெல்லாம் யாரோ பின்னாலேயே வந்து எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் குப்பை போடுகிறவன் நான் ஒருவன்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. சாவடிக்காரர் சாம்பாரைத்தான் பார்த்தார், என் சட்டைப்பையைப் பார்க்கவில்லை.

“இது உங்க பொருளு. கேக்காம எடுக்கக் கூடாது. கைமாத்தாக் குடுங்க, சாமி” என்றார்.

கொடுத்தேன். வேறென்ன செய்ய?

செம்மேட்டில் நான் பயந்தபடியே நடந்தது. மணி கடை பெஞ்சில் அதிகாரி டீ குடித்துக்கொண்டிருந்தார். செல்லாயியும் பார்த்துவிட்டார். ஒரு கணம் நின்றார். தலையில் இருந்த சாக்கை ஒரு கையால் சரிசெய்துகொண்டு நேராகக் கடைக்கு நடந்தார்.

“இந்தாங்க, உங்களுது. அளந்து பார்த்துக்கங்க. குவிப்போட இருக்கு.”

மணி பதறினார். அதிகாரி பக்கம் கண்ணைக் காட்டினார். “என்னது? எனக்கு எதுவும் தெரியாது. நான் யாருக்கும் எதுவும் குடுக்கல!”

“குடுக்கலியா? முந்தாநாளு இந்த வள்ளத்துல அளந்தது யாருக்கு? கடனில்லன்னு சொல்லி எங்க ஊரு பேரைக் கெடுக்கப் பாக்கறீங்களா?”

“ஐயோ, மெம்பரே, மெதுவாப் பேசு!”

“என்ன கடன்?” என்றார் அதிகாரி.

செல்லாயி மறைக்கவில்லை. ஊரில் குப்பை இல்லாததையும், இங்கே வாங்கியதையும், வண்டி எதற்கு வேண்டும் என்பதையும் சொன்னார். மகளைப் பற்றிச் சொன்னபோது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. “பொய் சொல்லித்தாங்க காட்டுனோம். ஆனா வாங்குனதைத் திருப்பிட்டோம்” என்று முடித்தார்.

அதிகாரி சாக்கைத் திறந்து பார்த்தார். குவிப்பின் உச்சியில் என் செருப்பு வார் இருந்தது. கடைக்குப் பின்னால் போய்ச் சரிவைப் பார்த்துவிட்டு வந்தார். டீயை முடித்தார். பிளாஸ்டிக் டம்ளரை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். செல்லாயி ஒரு சாக்கின் வாயை விரித்துக் காட்டினார். அதில் போட்டார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

“போச்சு உன் வண்டி” என்றார் மணி. குரலில் கேலி இல்லை.

சாக்குகளை மணியிடம் பேசி நான் வாங்கிக்கொண்டேன். அவ்வளவு சுத்தமான சரக்கு எங்கள் பட்டறைக்கு அதற்கு முன் வந்ததில்லை. பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். நெல்லிவளவுக்காரர்கள் காலிச் சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வந்த வழியே நடப்பது ஜன்னலில் தெரிந்தது. வளைவுகளில் எனக்கு எலுமிச்சம்பழம் தேவைப்படவில்லை. மனசு வேறு எங்கோ இருந்தது.

மழைக்காலம் முழுக்க நான் கேரளப் பக்கம் சுற்றினேன். தை பிறந்த பிறகுதான் மறுபடி கொல்லிமலை. இந்தத் தடவை சாம்பாரைத் தூக்குச்சட்டியில் கொண்டுபோனேன், சாவடிக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பாதி மலையில் பஸ்ஸின் டயர் போனது. எல்லோரும் இறங்கி நின்றோம். கீழிருந்து ஒரு மூன்று சக்கர டெம்போ காலியாக ஏறி வந்தது. பச்சை வண்ணம். ஓட்டியவனை எனக்குத் தெரியாது. ஊர் சொன்ன அடையாளத்தை வைத்து அவனுக்கு என்னைத் தெரிந்திருந்தது.

“நீங்கதானுங்க பாலு குடிச்சவரு? ஏறுங்க” என்றான்.

பழனியம்மாவின் கணவன். முருகேசன் என்று பெயர் சொன்னான். போர் லாரியை விட்டுவிட்டு வந்துவிட்டானாம். சரக்கை அடிவாரத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். வண்டி நெல்லிவளவில்தான் நிற்கிறது. காலையில் செம்மேட்டுக்கு வந்து கடைத்தெருக் குப்பையை அள்ளிப்போகும், ஊர்ப் பெண்கள் கழுவிப் புடைத்துத் தருவார்கள், அது கீழே போகும்.

“அந்த ஆபீசரு என்னதான் சொன்னாரு?”

“குப்பை போடத் தெரிஞ்ச ஊர்ல வண்டியை விட்டா வண்டியும் குப்பையாயிடும், வாங்குனதைத் திருப்பத் தெரிஞ்ச ஊர்ல விடலாம்னு எழுதிட்டாராம். ஒரே ஒரு நிபந்தனைங்க.” முருகேசன் சிரித்துக்கொண்டே ஒரு வளைவைத் திருப்பினான். “இனிமே அள்ளிக்கிட்டுப் போறதைத் திருப்பித் தரக் கூடாதாம். அத்தையை ஒத்துக்க வெக்கறதுக்குள்ள அவருக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சாம்.”

ஊரில் பலா மரத்தடியில் டிரம்கள் நின்றன. நீல டிரம்மை எட்டிப் பார்த்தேன். கோழி இல்லை, கவர்தான் இருந்தது. செல்லாயி சாமைச் சோறு போட்டார். அன்று குத்திய புதுச் சாமை, வாயில் உடனே இறங்கியது. சாப்பிட்டு எழுந்ததும், “இருங்க, உங்க கணக்கு ஒண்ணு நிக்குது” என்று உள்ளே போனார்.

அதே கொட்டாங்குச்சி. அதில் ஒரு பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட் இரண்டு, ஒரு பாக்குப் பொட்டலம், ஒரு செருப்பு வார். என்னுடையவை அல்ல. அதே மாதிரி தேடிப்பிடித்தவை. கழுவிக் காயவைத்திருந்தார்கள்.

“காரியம் முடிஞ்ச மறுநாளே தந்திருக்கணும். நீங்கதான் ஊர் ஊராச் சுத்தறீங்க, எங்கன்னு தேடறது? தப்பா நெனைக்காதீங்க.”

இது எதற்கு என்று மறுக்க வாயெடுத்தேன். செம்மேட்டில் மணி பட்ட பாடு ஞாபகம் வந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

செருப்பு வாருக்கு மேலே ஒரு சின்ன வளையம் இருந்தது. மெல்லிய வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை, என் கட்டைவிரல்கூட நுழையாத அளவு. கத்தரித்து எடுத்ததை மறுபடி வளைத்து நூலால் கட்டியிருந்தார்கள். அதன் மேல் பேனாவால் எழுதியிருந்தது: பழனியம்மா குழந்தை, பெண்.

“ஆஸ்பத்திரியில கையில கட்டி உட்டாங்க” என்றார் செல்லாயி. உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. “எங்க ஊட்டுல மொதமொதலா வந்த குப்பை. அது குவிப்புங்க.”